சாச்சி தைத்த தலைவார்

குதிரைக்குக் கடிவாளம் மாட்டி முடித்ததும் சாச்சா செய்கிற முதல் வேலை, மூக்கைச் சுற்றிப் போகும் வாருக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பது. விரல்கள் சுகமாகப் போய்வர வேண்டும். பிறகு காதுகளுக்குப் பின்னால் தலைக்கு மேலே ஓடும் வாரைத் தூக்கி, அதனடியில் சிக்கிக்கொண்ட மயிரை இழுத்து வெளியே விடுவார். பிறகு வாயோரத்தைப் பார்ப்பார். இரும்பு இழுத்து அங்கே சுருக்கம் விழுந்திருந்தால் ஒரு துளை தளர்த்துவார். எல்லாம் முடிந்து ஓரடி பின்னால் நகர்ந்து, பெருநாளுக்குப் புதுச் சட்டை போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். சாச்சாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த விரல்கள்தான். நான் சொல்லப்போகிற அந்த வருடத்தில் எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைகள் நொந்துகொண்டிருந்தன. ஒன்று சாச்சா பார்த்துவந்த குதிரையுடையது. மற்றது அவர் மனைவி, என் சாச்சியுடையது. குதிரைக்கு நாங்கள் மூன்று கடிவாளம் மாற்றிப் பார்த்தோம்.

சாச்சா என் வாப்பாவின் தம்பி. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்களில் நாங்களும் அடக்கம். குறிஞ்சிப்பிட்டிக்குப் பக்கத்தில் தென்னங்காணி ஒன்றில் ஓலைக் கொட்டில் போட்டுக் கொஞ்ச நாளைக்கு என்று இருந்தோம். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. சாச்சா சவூதிக்குப் போனார். அங்கே ஒரு பணக்காரரின் குதிரைகளைக் குளிப்பாட்டியும் நடத்தியும் பல வருடம் கழித்துவிட்டு, இரண்டு தடித்த கம்பளிப் போர்வைகளோடும் குதிரைகளைப் பற்றிய அறிவோடும் திரும்பி வந்தார். இந்த வெயிலில் போர்வைகளால் பிரயோசனம் இல்லை. குதிரை அறிவாலும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். யுத்தம் முடிந்த பிறகு எங்கள் பக்கத்துக் காற்றைத் தேடி வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிற விளையாட்டுக்கு இந்தக் காற்று அருமையாம். காலமெல்லாம் எங்கள் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட காற்றுக்கு இப்படி ஒரு மவுசு வந்தது. மாம்புரிக்கு இந்தப் பக்கம் கடற்கரையில் எழும்பிய ஹோட்டல் ஒன்றில் எனக்கு வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. விருந்தாளிகள் கடற்கரையில் சவாரி போவதற்கென்று முதலாளி நுவரெலியாவிலிருந்து இரண்டு குதிரைகளை வாங்கி இறக்கியபோது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

ஒன்று கிழட்டு ஆண் குதிரை. நடந்துகொண்டே நித்திரை கொள்ளும். மற்றது பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பெண் குதிரை, தேங்காய் மட்டை நிறம். விருந்தாளிகள் அதற்கு விதம்விதமாகப் பெயர் வைத்தார்கள். சாச்சா "புள்ள" என்று மட்டும் கூப்பிடுவார். புள்ளக்கு ஒரே ஒரு குறை. கடிவாளம் ஏறியதும் தலையை ஆட்டும். மூக்கை மேலே எறிந்து, மொய்க்காத இலையானை விரட்டுவதுபோல ஆட்டும். முதல் நாளிலேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கையிலிருந்து வாரைப் பறித்துவிட்டது. அவள் மண்ணில் குந்தி அழுதாள். முதலாளி கொழும்பிலிருந்து வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் வியாபாரி. அடுத்த சீசன் தொடங்குமுன் இது சரிவராவிட்டால் நீர்கொழும்பில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்களிடம் கொடுத்துவிடுவேன் என்றார். மேளத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே தலையை ஆட்டிக்கொண்டு நிற்கப்போகும் புள்ளயை நினைத்து சாச்சாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"தொண்ணூறில வரக்குள்ள பசு மாட்ட வைக்கலும் போட்டுக் கட்டிட்டு வந்தனான். ரெண்டு மூணு நாள்ல திரும்பலாமெண்டு தானே நெனச்சம். அத ஆரும் அவிழ்த்தாங்களோ இல்லயோ, இன்னும் எனக்குத் தெரியா" என்று என்னிடம் சொன்னார். "இதயும் கட்டி அனுப்பிட்டு இரிக்க ஏலாது மகன்."

அப்படித்தான் கடிவாளம் தேடுவது எங்கள் குடும்பத் தொழிலானது. புள்ளயோடு வந்த பழைய கடிவாளத்தின் நெற்றிவார் குட்டையாக இருந்ததை சாச்சா இரண்டாம் நாளே கண்டுபிடித்தார். நெற்றிவார் குட்டையானால் அது தலைவாரை முன்னுக்கு இழுக்கும், தலைவார் காதின் அடியை நெரிக்கும் என்று சாப்பாட்டு நேரத்தில் என் மகளின் தலையில் ரிப்பனைக் கட்டி எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அதை எறிந்துவிட்டு, மாம்புரி மீன்பிடிகாரர்களிடம் மிருதுவான வலைக் கயிறு வாங்கி, தானே முறுக்கிப் பின்னி ஒன்று செய்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேர்வையும் உப்புக் காற்றும் பட்டதும் கயிறு அரம்போலாகி, கன்னத்தில் புண் போட்டது. புண்ணுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவினார். மிருக வைத்தியரைக் கூட்டிவந்து பல்லையும் காதையும் கண்ணையும் பார்க்க வைத்தார். வைத்தியர் எல்லாம் சுத்தம் என்றார். அப்படியானால் நல்ல தோல் கடிவாளம்தான் தேவை என்று முடிவாயிற்று. புள்ளயின் தலையை நூலால் அளந்து, இடத்துக்கு இடம் முடிச்சுப் போட்டு, அந்த நூலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். கடையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வளைத்தார், முகர்ந்தார், கன்னத்தில் உரசினார். ஒன்றின் மூக்குவாரைச் சரிபார்க்க என் முகத்திலேயே மாட்டிவிட்டார். கடைக்காரப் பெடியன்கள் சிரித்ததில் நான் ஒரு மாதத்துக்குக் கொழும்புப் பக்கம் தலைவைக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன்.

இந்த மாதங்களிலெல்லாம் சாச்சி தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் நடமாடினாள். காலையில் எழும்பியதும் தலையிடி தொடங்கும். பனடோல் போட்டால் கொஞ்சம் அடங்கும். பாம் தடவுவாள். வெயிலால் என்றோம், காற்றால் என்றோம், கண்ணாடி மாற்ற வேண்டும் என்றோம். கடைசியில் பள்ளிவாசல் லெப்பையிடம் போய் இசுமு ஒன்று எழுதி வாங்கிவந்தாள். ஓதி எழுதிய செப்புத் தகட்டைச் சுருட்டி, சின்னக் குழாயில் அடைத்து, கறுப்பு நூலில் கட்டித் தருவார். அதைக் கழுத்தில் போட்ட பிறகு கொஞ்சம் சுகம் என்று சொன்னாள். சாச்சி எதையும் பெரிதாக்குகிற ஆள் இல்லை, வாயும் சும்மா இருக்காது. நாங்கள் கொழும்பிலிருந்து கடிவாளத்தோடு வந்திறங்கியபோது, "நானும் ஒரு நாளைக்கு இவருக்கு முன்னால தலைய ஆட்டிக் காட்டுறன். என்னையும் கொழும்புக்குக் கூட்டிப் போறாரா பாப்பம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். சாச்சாதான் அதிகம் சிரித்தார்.

தலைவார் காதுக்குப் பின்னால் படுகிற இடத்தில் மெத்தென்று ஏதாவது வைத்துத் தைத்தால் நல்லது என்று சாச்சா சொன்னார். சாச்சி சவூதிப் போர்வைகளில் ஒன்றை வெட்டினாள். அதுநாள்வரை அலுமாரியை விட்டு வெளியே வராத போர்வை. துண்டை மடித்து மடித்துத் தடிப்பாக்கி, தலைவாரின் உள்பக்கத்தில் வைத்து, தடித்த ஊசியால் நெருக்கமாகத் தைத்தாள். முற்றத்தில் பாய் விரித்து, கடிவாளத்தை மடியில் போட்டுக்கொண்டு தைத்தது என் கண்ணில் இருக்கிறது. இடையிடையே ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஊசி ரெண்டாத் தெரியுதுடா. எந்த ஊசியால தைக்கிறதெண்டு எனக்கே விளங்குதில்ல" என்றாள். குதிரைக் கொட்டிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சாச்சா, "அடுத்த மாசம் கண்ணாடிய மாத்துவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதுக் கடிவாளம் புள்ளக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. இரண்டு விரல் போய்வந்தது. நெற்றிவார் காதைத் தொடவில்லை. வாயோரத்தில் சுருக்கம் இல்லை. கன்னப் புண்ணும் ஆறிவிட்டது. ஆனால் புள்ள தலையை ஆட்டியது. முன்னை மாதிரியே ஆட்டியது. சாச்சா கொட்டிலின் தூணில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி சொன்ன தவணை கிட்ட வந்துகொண்டிருந்தது.

அதற்குள் சாச்சி விழுந்துவிட்டாள். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு அரிசி களையப் போனவள் கிணற்றடியில் சரிந்து கிடந்தாள். நேராகப் புத்தளம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து அம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள். மூளையில் கட்டி, உள்ளே இரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். எவ்வளவு காலமாகத் தலையிடி என்று டொக்டர் கேட்டார். நான் சாச்சாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். குதிரை எப்போதிருந்து தலையாட்டுகிறது என்று கேட்டிருந்தால், கிழமை தேதியோடு சொல்லியிருப்பார். சாச்சி கண் திறக்காமலே போய்விட்டாள். சாச்சியின் மையத்தைக் குளிப்பாட்டிய பெண்களில் என் மனைவியும் ஒருத்தி. வெளியே வந்து, சாச்சியின் கழுத்தில் இசுமு இல்லையே என்றாள். ஆஸ்பத்திரியில் கழற்றியிருப்பார்கள் என்று நினைத்தோம். அதைத் தேடுகிற நிலையில் யாரும் இல்லை.

சாச்சா அழவில்லை. எங்கள் ஊரில் ஆண்கள் அழாமல் இருப்பது அதிசயம் இல்லை. ஆனால் இது அந்த மாதிரி இல்லை. வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். பாண் வாங்கிவரச் சொன்னார். கபுறில் மண் போட்டுவிட்டுக் கையைக் கழுவி, துவாயால் துடைத்து, துவாயை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். எல்லாம் சரியாகச் செய்தார். மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள் கொட்டிலுக்குப் போய்விட்டார். அதற்கும் ஊரில் கதை வந்தது. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. வரவேற்பு மேசையில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் சிரித்தேன். உதடு மரத்துப்போன பிறகு பல்லுப் பிடுங்குவார்களே, இழுக்கிற சத்தம் மட்டும் கேட்குமே, அப்படித்தான் அந்த நாட்கள் போயின.

முதலாளி வரப்போவதாகச் சொன்ன நாளுக்கு முந்திய பின்னேரம், சாச்சா என்னைக் கொட்டிலுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனபோது கடிவாளத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பலகையில் குந்தியிருந்தார். புள்ள பக்கத்தில் வெறுந்தலையோடு நின்று புல் தின்றது. வலது காதை மட்டும் சரித்து வைத்திருந்தது. அந்தக் காதைத்தான் கொஞ்ச நாளாகக் கவனித்துக்கொண்டு இருந்தேன் என்றார். மூக்குவார், நெற்றிவார், வாயிரும்பு என்று எல்லா இடமும் திரும்பத் திரும்பப் பார்த்தவர், சாச்சி தைத்த இடத்தை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை. அன்றுதான் அந்த மெத்தையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்து அழுத்திக்கொண்டு போயிருக்கிறார். வலது காதுக்கு நேரே உள்ளே ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. என் விரலைப் பிடித்து அதில் வைத்தார். "பிளேட் ஒண்டு எடுத்துத் தா மகன்" என்றார்.

வெட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை. அவர் வெட்டவில்லை. பிளேடின் முனையால் ஒவ்வொரு தையலாகக் கிளப்பி நூலை இழுத்தார். சாச்சியின் தையல் எறும்பு வரிசை மாதிரி இருக்கும், கிளப்பக் கிளப்ப வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு நூல் துண்டையும் கீழே போடாமல் முழங்காலில் வைத்தார். போர்வையின் கடைசி மடிப்பைப் பிரித்தபோது உள்ளே கறுப்பு நூல் சுற்றியபடி அந்தச் செப்புக் குழாய் இருந்தது. சாச்சி தன் கழுத்திலிருந்து கழற்றி, யாருக்கும் சொல்லாமல், புள்ளயின் தலைக்கு வைத்துத் தைத்திருக்கிறாள். தலையிடிக்கு எழுதியது தலைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். கடிவாளத்தை இறுக்கும்போதெல்லாம் அது காதின் அடியில் குத்திக்கொண்டு இருந்திருக்கிறது.

சாச்சா தலைவாரைத் திரும்பப் பூட்டி, புள்ளக்கு மாட்டி, கொட்டிலைச் சுற்றி நடத்தினார். பிறகு கடற்கரையில் நடத்தினார். புள்ள தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. காற்று ஒருமுறை மண்ணை அள்ளி வீசியபோது மட்டும் தும்மிவிட்டு ஆட்டியது. அது எந்தக் குதிரையும் செய்கிறதுதான். மறுநாள் முதலாளி வந்து, விருந்தாளிப் பிள்ளை ஒன்றை ஏற்றி அனுப்பிப் பார்த்துவிட்டு, "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, சாச்சாவின் தோளில் தட்டினார். புள்ளயை விற்கிற கதை அத்தோடு முடிந்தது. நாங்கள் அத்தனை மாதம் ஓடியலைந்தது இதற்குத்தான். சாச்சா தலையசைத்துவிட்டுச் சாணி அள்ளப் போனார்.

அன்று என் சைக்கிளின் பின்னால் ஏறி வீட்டுக்கு வரும்போது வழியில்தான் பேசினார்.

"லெப்பை இத தலையிடிக்குத் தானே எழுதினவர்?"

"ஓம் சாச்சா."

"அப்ப இது அவட கழுத்தில இரிந்திருக்கணும்."

"இரிந்தாலும் ஒண்டும் ஆகியிருக்காது சாச்சா. அது கட்டி. டொக்டர் சொன்னவர் தானே."

 "அது எனக்குத் தெரியும் மகன். அவளுக்குத் தெரியாதே. தனக்கு மருந்தெண்டு நெனச்சத கழட்டிக் குடுத்திரிக்கா" என்றார்.

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சாச்சா மையவாடிக்குப் போய், இசுமுவையும் அந்த நூல் துண்டுகளையும் சாச்சியின் கபுறடி மண்ணில் புதைத்துவிட்டு வந்தார். 

வருடங்கள் ஓடிவிட்டன. ஹோட்டல் கை மாறி, திரும்பவும் கை மாறிவிட்டது. கிழட்டுக் குதிரை செத்துவிட்டது. புள்ள இருக்கிறது. சாச்சா இன்னும் அதற்குக் கடிவாளம் மாட்டி இரண்டு விரலை நுழைத்துப் பார்க்கிறார். இப்போது தலைவாரையும் முழுக்க அழுத்திப் பார்க்கிறார். அவரில் வேறு மாற்றம் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். போன நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு பின்னேரம், என் இளைய மகள் களப்பில் குளித்துவிட்டு வந்து முற்றத்தில் நின்று தலையை ஒரு பக்கம் சரித்து ஆட்டினாள். காதுக்குள் தண்ணீர் போயிருக்கும், ஒற்றைக் காலில் துள்ளு என்றாள் அவள் உம்மா. சாச்சா தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்தார். சட்டையைப் போட்டார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதிக்குப் போய் ஓட்டோவை மறித்தார். நான் உடுத்திருந்த சாரத்தோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. இது விளையாட்டா இல்லையா என்று அதற்கு விளங்கவில்லை.

எங்கள் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர்தான், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். சாச்சா எழும்பவில்லை. "வேற ஒண்டும் இல்லயா? நல்லாப் பாத்தீங்களா மகள்?" என்று கேட்டார். டொக்டர் அவரைப் பார்த்தார். என்ன கண்டாரோ, பிள்ளையைத் திரும்பவும் உட்காரவைத்து, கண்ணுக்கு வெளிச்சம் அடித்து, விரலை இங்கும் அங்கும் அசைத்துப் பார்க்கச் சொல்லி, தலையை மெதுவாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "ஒண்டுமே இல்ல. நல்லா இருக்கிறா" என்றார். வெளியே வந்து வாங்கில் குந்தியதும் சாச்சா அழத் தொடங்கினார். வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். வரிசையில் நின்றவர்கள் பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று கிட்ட வந்தார்கள். பிள்ளை பயந்துபோய் அவர் மடியில் ஏறி, தலையை ஆட்டாமல் நேராக வைத்துக்கொண்டு இருந்தது.

அழுகை அடங்கியதும் வாசலைப் பார்த்தார். நாங்கள் வந்த ஓட்டோ இன்னும் புறப்படாமல் நின்றது.

"இவ்வளவு கிட்டவா மகன் இரிக்கி ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.

இத்தனை வருடமாக ஒவ்வொரு நாளும் அதன் வாசலைக் கடந்துதான் அவர் கொட்டிலுக்குப் போய்வருகிறார்.